எண்ணிம வானொலியும் எளிய நேயரும்

முன்னுரை

கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். எழுத்தறியும் வாய்ப்புப் பெறாதவரும் செவி வழியே அறிவு பெறலாம் என்பது நம் முன்னோர் கண்ட நெறி. ஏடு வாங்கப் பொருளும் படிக்கப் பொழுதும் இல்லாத உழைப்பாளிக்கும், கண்ணொளி மங்கிய முதியவருக்கும், கடல்மேல் இருக்கும் மீனவருக்கும் அந்நெறியைக் கருவி வடிவில் கொண்டு வந்து தந்தது வானொலி எனலாம்.

தமிழகத்திற்கும் வானொலிக்கும் உள்ள உறவு நூறாண்டு கண்ட உறவாகும். 1924ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் திருச்சி நிலையமும் தொடங்கப் பெற்றன. இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பும் 1977இல் சென்னையிலேயே நிகழ்ந்தது. இந்நெடுங்காலத்தில் ஒலிபரப்புமுறை பலவாறு மாறியபோதும் ஓர் உண்மை மாறவில்லை. ஐம்பதாண்டுகளுக்கு முன் வாங்கிய டிரான்சிஸ்டர் பெட்டி பழுதின்றி இருக்குமாயின், மத்திய அலையில் ஒலிபரப்பும் நிலையத்தை அஃது இன்றும் எடுத்துத் தரும். பெட்டன் வாங்கிய பெட்டியைப் பேரன் கேட்கலாம்.

எண்ணிம ஒலிபரப்பு என்னும் புதிய முறை இவ்வுண்மையைத்தான் மாற்ற முற்படுகின்றது. புதுமை நன்மை தருவதே, அதில் ஐயமில்லை. ஆயினும் அந்நன்மைக்கான விலையை ஒலிபரப்புவோர் கொடுக்கின்றனரா, கேட்போர் கொடுக்கின்றனரா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் வினாவாகும்.

எண்ணிம ஒலிபரப்பு என்பது யாது?

பழைய முறையில் பேசுவோரின் குரல் எவ்வாறு ஏறி இறங்குகின்றதோ அவ்வாறே மின்காந்த அலையின் வீச்சோ அதிர்வெண்ணோ ஏறி இறங்கும். வீச்சு மாறுவது மத்திய அலை, சிற்றலை ஆகியவற்றின் முறை. அதிர்வெண் மாறுவது பண்பலையின் முறை. அலையானது குரலின் நிழல் போலச் செல்வதால் இதனை ஒப்புமை முறை என்கின்றோம். நிழலை மீண்டும் குரலாக்குவது எளிய வேலை. ஆதலால் வாங்கும் பெட்டியும் எளியதாய் அமைந்தது.

எண்ணிம முறையிலோ குரல் முதலில் எண்ணாக மாற்றப்படுகின்றது. ஒரு நொடிக்கு 48,000 முறை ஒலியின் அளவு எடுக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 இலக்கங்கள் கொண்ட இருமை எண்ணாக எழுதப்படுகின்றது. இடம், வலம் என இரு தடங்களுக்கும் சேர்த்து இது நொடிக்கு 15,36,000 பிட் ஆகும். இவ்வளவையும் வானில் ஏற்ற இடம் போதாது. எனவே மனிதச் செவியால் உணர முடியாத பகுதிகளை நீக்கிச் சுருக்க வேண்டியுள்ளது. ஐரோப்பிய முறையான டி.ஏ.பி.யில் இது 1,28,000 பிட் அளவிற்கு, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கப்படுவதுண்டு. மத்திய அலையின் குறுகிய இடத்தில் செல்லும் டி.ஆர்.எம். முறையில் ஏறத்தாழ 20,000 பிட் அளவிலேயே ஒரு நிகழ்ச்சி முழுவதும் அடங்க வேண்டும்.

சுருக்கிய எண்களை அப்படியே அனுப்பினால் வழியில் சில கெடும். அதற்குக் காப்பாக இரு செயல்கள் நடைபெறுகின்றன. கெட்டதைக் கண்டு திருத்துவதற்கு உதவும் மிகை எண்கள் சேர்க்கப்படுகின்றன என்பது ஒன்று. எண்களின் வரிசை கலைத்து அனுப்பப்படுகின்றது என்பது மற்றொன்று. ஒரு கடிதத்தின் சொற்களைக் கலைத்துப் பல உறைகளில் இட்டு அனுப்பினால், ஓர் உறை தொலைந்தாலும் வரிக்கு ஒரு சொல்லே குறையும்; ஒரு பத்தி முழுவதும் அழியாது. பெறுவோர் கருத்தை ஊகித்து நிரப்பிக் கொள்ளலாம். எண்ணிம ஒலிபரப்பின் நுட்பம் இத்தகையதே. மேலும் ஒரே அலையில் ஏற்றாமல் நூற்றுக்கணக்கான மெல்லிய துணை அலைகளில் பகிர்ந்து ஏற்றுவதால், மலையிலும் மாடிக் கட்டடங்களிலும் பட்டுத் திரும்பும் எதிரலைகள் ஒலியைக் கெடுப்பதில்லை. டி.ஏ.பி. முறையில் இத்துணை அலைகள் 1,536 ஆகும்.

இவ்வேற்பாட்டினால் விளையும் நன்மைகள் சிலவல்ல. ஒரே இடத்தில் பல நிலையங்களை ஒரு கட்டாகக் கட்டி அனுப்பலாம். இரைச்சலின்றி ஒலி தெளிவாகும். நிலையத்தின் பெயரும் செய்தியும் எழுத்தில் தோன்றும். ஒலிபரப்பியின் மின்செலவும் குறையும்.

ஒரு பெயர், பல தரங்கள்

எண்ணிம வானொலி என்று ஒருமையில் வழங்கினும் அது ஒன்றன்று. ஐரோப்பாவில் 1980களில் தொடங்கிய யுரேகா 147 என்னும் ஆய்வுத் திட்டத்தின் விளைவு டி.ஏ.பி. ஆகும். 1995ஆம் ஆண்டில் நார்வே, பிரிட்டன், சுவீடன் ஆகிய நாடுகள் இதனைத் தொடங்கின. பின்னர் மேம்பட்ட சுருக்க முறையோடு டி.ஏ.பி. பிளஸ் வந்தது. அமெரிக்காவில் 2002இல் ஏற்பளிக்கப்பட்ட எச்.டி. ரேடியோ, பழைய நிலையத்தின் அலையருகிலேயே எண்ணிம அலையையும் வைத்து அனுப்புவது. சிற்றலை, மத்திய அலை ஆகியவற்றிற்கென உருவானது டி.ஆர்.எம்.; இதன் முறையான ஒலிபரப்பு 2003ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் ஜெனீவாவில் தொடங்கி வைக்கப்பட்டது. பின்னர் பண்பலைப் பகுதிக்கும் இது விரிவாக்கப்பட்டது.

இவற்றுள் ஒன்றிற்கென அமைந்த பெட்டி மற்றொன்றை வாங்காது. இலண்டனில் வாங்கிய டி.ஏ.பி. பெட்டியைச் சென்னைக்குக் கொண்டு வந்தால், அதிலுள்ள பண்பலைப் பகுதி மட்டுமே பயன்தரும். பழைய முறையில் எந்நாட்டுப் பெட்டியும் ஏறக்குறைய எந்நாட்டிலும் பாடியது. எழுத்துமுறை ஒன்றாக இருந்த உலகில், நாட்டுக்கு ஓர் எழுத்துமுறை தோன்றிய நிலை இது.

பெட்டிக்குள் இருக்கும் இடர்கள்

கேட்போர் எதிர்கொள்ளும் தொழில்நுட்ப இடர்களை நான்காக வகுத்துக் காணலாம்.

முதலாவது, ஒலி திடீரென அறுந்து போதல். ஒப்புமை முறையில் அலை வலுவிழந்தால் இரைச்சல் மெல்ல மெல்லக் கூடும். இரைச்சலுக்கிடையிலும் நம் செவி சொற்களைப் பிரித்தறியும். சிற்றலையில் தொலைநாட்டுச் செய்தியைக் காதை ஒட்டி வைத்துக் கேட்ட தலைமுறை இதனை நன்கறியும். எண்ணிம முறையிலோ பிழைகள் திருத்தக்கூடிய அளவுக்குள் இருக்கும் வரை ஒலி முழுத் தெளிவோடு வரும். அந்த எல்லையைக் கடந்தால் துண்டு துண்டாய் உடைந்து முற்றிலும் நின்றுவிடும். எச்.டி. ரேடியோவில் எண்ணிம அலை விடுபட்டால் பெட்டி தானாகவே பழைய அலைக்கு மாறிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. பழைய அலையை முற்றிலும் நிறுத்திவிட்ட நாட்டில் அவ்வாறு மாறிக்கொள்ள வேறோர் அலை இல்லை.

இரண்டாவது, காலத் தாழ்வு. கலைத்த எண்களை வரிசைப்படுத்திப் பிழை நீக்கி ஒலியாக்கச் சில நொடிகள் ஆகும். நிலையம் மாற்றும்போதும் சிறிது காத்திருக்க வேண்டும். இதனைச் சிறு குறை என்று தள்ளிவிட இயலாது. வானொலியின் நேரக் குறிப்பொலியைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திக் கொள்வது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். பள்ளிவாசல் கடிகாரத்தையும் அவ்வாறே திருத்தி, தொழுகை நேரத்தையும் நோன்பு திறக்கும் நேரத்தையும் கணித்தவர் பலர். பேணுதலுக்காக ஓரிரு நிமிடம் கூட்டிக் கொள்ளும் முறை இருப்பதால் வழிபாட்டிற்கு இதனால் இடையூறு நேராது. ஆயினும் அடுத்தடுத்த வீடுகளிலுள்ள இருவேறு பெட்டிகள் ஒரே நேரக் குறிப்பொலியை வெவ்வேறு நொடியில் ஒலிக்கும் விந்தையை எண்ணிம முறை தோற்றுவித்துள்ளது.

மூன்றாவது, மின்செலவு. பழைய டிரான்சிஸ்டர் பெட்டி இரண்டு பாட்டரிக் கட்டைகளில் வாரக்கணக்கில் பாடும். எண்ணிமப் பெட்டிக்குள் இருப்பதோ ஒரு சிறு கணிப்பொறி. நொடிதோறும் எண்ணற்ற கணக்குகளைப் போடும் அதற்கு மின்னாற்றல் மிகுதியாக வேண்டும். தொடக்க கால டி.ஏ.பி. பெட்டிகள் பாட்டரியை விரைவில் தீர்த்துவிடும் என்பதே அவற்றின் மீது கூறப்பட்ட பெருங்குறையாகும். பிற்காலச் சில்லுகள் இதனைக் குறைத்துள்ளன. எனினும் பழைய பெட்டியின் சிக்கனத்தை அவை எட்டவில்லை.

நான்காவது, வீட்டு இரைச்சல். எல்.இ.டி. விளக்கு, கைப்பேசி மின்னேற்றி, இன்வெர்ட்டர் முதலிய கருவிகள் மத்திய அலைப் பகுதியில் மின்னிரைச்சலை எழுப்புகின்றன. கம்பி பின்னிய கான்கிரீட் சுவர்களும் அலையைத் தடுக்கின்றன. எண்ணிமப் பெட்டி இவ்விரைச்சலை ஓரளவு வெல்லும். அளவு மீறினால் மேலே கூறியவாறு ஊமையாகிவிடும். பெட்டி கெட்டுவிட்டது என்றே உரியவர் கருதுவார். சன்னலோரம் வைத்தால் பாடும் என்று அவருக்கு யார் சொல்வது?

வாங்கியோர் கண்ட அனுபவம்

இனி நுகர்வோர் நிலையை நாடுகளின் வரலாறு கொண்டு நோக்குவோம்.

பிரிட்டனில் 1995இல் ஒலிபரப்புத் தொடங்கியும் பொதுமக்கள் வாங்கத்தக்க பெட்டி ஆண்டுக்கணக்கில் கிடைக்கவில்லை. முதலில் வந்தவை பல நூறு பவுன் விலையுள்ளவை. 2002இல் 99 பவுனுக்கு ஒரு பெட்டி சந்தைக்கு வந்த பின்னரே விற்பனை சூடுபிடித்தது. ஒலிபரப்பிக்கும் பெட்டிக்கும் இடையே ஏழாண்டு இடைவெளி! அதன் பின்னும் அங்குப் பண்பலையை நிறுத்த இயலவில்லை. 2015இல் நிறுத்தலாம் என்ற எண்ணம் 2013இல் ஒத்திவைக்கப்பட்டது; 2030 வரையேனும் பண்பலை தொடர வேண்டும் என்று 2021இல் வெளியான ஆய்வறிக்கை கூறிற்று.

முதலில் வாங்கியோருக்கு மற்றொரு துன்பமும் நேர்ந்தது. டி.ஏ.பி. பிளஸ் நிலையங்கள் தோன்றியபோது பழைய டி.ஏ.பி. பெட்டிகள் அவற்றை எடுக்கவில்லை. சுருக்க முறை மாறியதே காரணம். ஆர்வத்தோடு முன்வந்து அதிக விலை கொடுத்தவரே முதலில் கைவிடப்பட்டார் என்பது நோக்கத்தக்கது.

நார்வே துணிந்து செயற்பட்ட நாடு. மலையும் கடற்கழியும் நிறைந்த அந்நாட்டில் சிதறிய சிற்றூர்களுக்குப் பண்பலையைக் கொண்டு செல்வது பெருஞ்செலவு. எனவே 2011இல் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. 2017ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் வடபகுதியான நூர்லாண்டில் தொடங்கி, அவ்வாண்டு டிசம்பருக்குள் நாடு தழுவிய நிலையங்கள் யாவும் பண்பலையை விட்டு நீங்கின. நாடளவில் இதனைச் செய்த முதல் நாடு அதுவே. நிலையங்களின் எண்ணிக்கை பெருகியது. மலைச் சிற்றூர்களும் பல நிகழ்ச்சிகளைப் பெற்றன. ஆயினும் பெரும்பான்மை மக்கள் இம்மாற்றத்தை விரும்பவில்லை என்று அன்றைய கருத்துக் கணிப்புகள் காட்டின. பழைய கார்களில் தனியே ஓர் இணைப்புக் கருவி வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. தொடக்கத்தில் நாள்தோறும் வானொலி கேட்போர் தொகையும் குறைந்தது. ஏறத்தாழ 53 இலட்சம் மக்களைக் கொண்ட செல்வ நாட்டின் நிலையே இது.

எண்ணிமத்தைத் தொடங்கிப் பின்வாங்கிய நாடுகளும் உள. ஹாங்காங் 2017இலும், அயர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2021இலும் டி.ஏ.பி. ஒலிபரப்பை நிறுத்தின. அங்கெல்லாம் பெட்டி வாங்கியவர் நிலை யாது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதனை உணரத் தொலைவிற்குச் செல்ல வேண்டியதில்லை. வேர்ல்டுஸ்பேஸ் என்னும் செயற்கைக்கோள் வானொலியை நம்மிற் பலர் அறிவர். 2000ஆம் ஆண்டில் விண்ணில் ஏறிய ஏசியாஸ்டார் என்னும் செயற்கைக்கோள் வழியே அது இந்தியாவிற்கு வந்தது. கே.எல். ரேடியோ என்ற தமிழ் அலைவரிசையும் அதில் இருந்தது. வானத்தை நோக்கி வைக்கும் தட்டையான அலைவாங்கியோடு கூடிய தனிப்பெட்டி வேண்டும். சந்தாவும் கட்ட வேண்டும். இரைச்சலற்ற இசைக்காக அதனை விரும்பி வாங்கியோர் பலர். அந்நிறுவனம் 2008இல் நொடித்தது. 2009ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாளோடு இந்தியச் சேவை நின்றது. பெட்டி நன்றாகவே இருந்தது. பாடுவதற்கு ஒன்றும் இல்லை. அப்பெட்டி அந்த ஒரு நிறுவனத்தின் குரலையன்றி வேறெதனையும் அறியாதது. அஞ்சலகத்தில் உரிமத் தொகை கட்டி வானொலி கேட்ட காலத்திலும் நம் பெட்டி எவருக்கும் அடிமையாக இருந்ததில்லை என்பதை இதனோடு ஒப்பிட்டுக் காண்க.

இந்தியாவின் நிலை

அகில இந்திய வானொலி தேர்ந்தெடுத்தது டி.ஆர்.எம். முறையாகும். பரந்த நாட்டிற்கு இத்தேர்வு பொருத்தமானதே. பண்பலை நிலையம் ஒன்று ஐம்பது அறுபது கிலோமீட்டர் வரை கேட்கும். மத்திய அலையோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்லும். இரவில் அதனினும் தொலைவு செல்லும். அதே அலையில் தெளிந்த ஒலியையும் எழுத்துச் செய்தியையும் தர முடியுமாயின் அது பெரும்பேறு. 2009இல் தில்லியிலிருந்து சிற்றலையில் டி.ஆர்.எம். சேவை தொடங்கியது. பின்னர் முப்பதுக்கும் மேற்பட்ட மத்திய அலை ஒலிபரப்பிகள் இம்முறைக்கு ஏற்றவையாக நிறுவப்பட்டன. சென்னையும் அவற்றுள் ஒன்று. பல இடங்களில் பழைய முறையும் புதிய முறையும் அருகருகே ஒலிபரப்பப்பட்டன.

ஆயின் கேட்கப் பெட்டி எங்கே? கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்குப் பண்பலைப் பெட்டி கிடைக்கின்றது. டி.ஆர்.எம். பெட்டியோ பல ஆயிரம் ரூபாய். அதுவும் எளிதிற் கிடைப்பதில்லை. பெட்டி விற்காததால் உற்பத்தி பெருகவில்லை. உற்பத்தி பெருகாததால் விலை இறங்கவில்லை. விலை இறங்காததால் பெட்டி விற்கவில்லை. கேட்போர் இல்லாததால் தனி நிகழ்ச்சிகளும் பெருகவில்லை. இவ்வட்டத்தை ஒரு பக்கத்தில் உடைத்தது கார்த்தொழில். மாருதி சுசூகி, ஹூண்டாய் முதலிய நிறுவனங்கள் தம் கார்கள் பலவற்றில் டி.ஆர்.எம். வாங்கியைப் பொருத்தின. எனவே இலட்சக்கணக்கான கார்களில் இவ்வசதி உண்டு. தம் காரில் அஃது உள்ளதென அறியாத உரிமையாளரும் உண்டு! எவ்வாறாயினும், காரில் செல்வோருக்குக் கிட்டியது குடிசையில் இருப்போருக்குக் கிட்டவில்லை என்பதே உண்மை.

தனியார் நிலையங்களைப் பொறுத்தவரை, எண்ணிம வானொலிக்கு விரிவான கொள்கையும் காலவரையறையும் வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018இல் பரிந்துரைத்தது. 2024இல் மீண்டும் கருத்துக் கேட்டு, 2025 அக்டோபரில் புதிய பரிந்துரைகளை வெளியிட்டது. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பழைய ஒலியும் எண்ணிம ஒலியும் உடன் செல்லும் முறை அதில் கூறப்பட்டுள்ளது. நாட்டிற்கு ஒரே தொழில்நுட்பத் தரம் இருக்க வேண்டும் என்ற கருத்தும் அதில் இடம்பெற்றுள்ளது. இது வரவேற்கத்தக்கதாகும். இரு தரங்கள் நிலவினால் இரு பெட்டிகள் வாங்க வேண்டியவர் கேட்பவரே அல்லரோ?

'எல்லாரிடமும் கைப்பேசி இருக்கும்போது தனிப் பெட்டி எதற்கு?' என்று வினவுவோர் உளர். 2018ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்திற்கும் நாகப்பட்டினத்திற்கும் இடையே கரை கடந்தபோது காவிரிப் படுகை கண்ட காட்சியே அதற்கு விடை. மின்கம்பங்கள் சாய்ந்தன, கைப்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன. தொலைவிலுள்ள ஒலிபரப்பியிலிருந்து வரும் அலைக்கு அவ்வூர்க் கோபுரம் வேண்டுவதில்லை. கையில் பாட்டரிப் பெட்டி இருப்பின் செய்தி கிடைக்கும். கைப்பேசிகளில் உள்ள பண்பலை வாங்கியை முடக்காமல் வைக்க வேண்டும் என்று நடுவண் அரசு 2023இல் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியதும் இடர்க்காலப் பயன் கருதியே ஆகும்.

திரையில் தமிழ்

தமிழ்த்துறை மலரில் இக்கட்டுரை இடம்பெறுவதற்குரிய காரணம் இனிக் கூறப்படுவது. எண்ணிமப் பெட்டியில் ஒலியோடு எழுத்தும் வரும் என்றோம். அவ்வெழுத்து எம்மொழி எழுத்து?

டி.ஆர்.எம். தரத்தில் உலக மொழிகள் அனைத்திற்கும் உரிய ஒருங்குறி ஏற்கப்பட்டுள்ளது. எனவே தமிழில் செய்தி அனுப்பத் தடையில்லை. ஆனால் ஓடும் செய்தி ஒன்றிற்கு 128 பைட் என்பது எல்லை. ஆங்கில எழுத்து ஒன்றிற்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றிற்கும் மூன்று பைட் வேண்டும். உயிர்மெய்யில் மெய்யுருவிற்கு ஒன்றும் உயிர்க்குறிக்கு ஒன்றும் எனக் குறியீடு இரண்டாகும். புள்ளியும் தனிக் குறியீடே. 'வானொலி' என்னும் மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஆறு குறியீடுகள், 18 பைட்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். 'நாகை கடலூர் மீனவர் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்று அறிவிக்க வேண்டுமெனக் கொள்வோம். இதில் குறியீடுகள் 39, பைட் 117. இடைவெளி ஐந்து. ஆகமொத்தம் 122. எல்லைக்குள் அடங்கிவிடும். 'இன்று' என்ற ஒரு சொல்லை முன்னே சேர்த்தால் 138 ஆகி எல்லையைக் கடந்துவிடும்! இதே செய்தி ஆங்கிலத்தில் ஐம்பது பைட்டுக்குள் முடியும். நீண்ட செய்திகளுக்கென வேறு வசதியும் இத்தரத்தில் உண்டு. ஆனால் அதனைக் காட்டும் திறன் பெட்டிக்கு இருக்க வேண்டும்.

பெட்டியின் திரையும் எண்ணத்தக்கது. விலை குறைந்த பெட்டிகளில் ஆங்கில எழுத்திற்கென அமைந்த சிறு திரையே இருக்கும். தமிழில் 'கொ' என்பதைக் காட்ட, குறியீட்டு வரிசையில் பின்னால் வரும் உயிர்க்குறியைப் பிரித்துக் கொம்பை முன்னும் காலைப் பின்னும் இட வேண்டும். இவ்விதியை அறியாத மென்பொருள் கட்டங்களையோ சிதைந்த வடிவங்களையோதான் காட்டும். புயல் எச்சரிக்கையைச் சிதைந்த எழுத்தில் பெறும் மீனவருக்கு அது வந்தும் வராததே. டி.ஆர்.எம். தரத்தில், இடர்க்காலத்தில் பெட்டியைத் தானே எழுப்பி எச்சரிக்கை அலைவரிசைக்கு மாற்றும் ஏற்பாடு உள்ளது. அவ்வரிய ஏற்பாடு தமிழ்க் கடற்கரைக்குப் பயன்பட வேண்டுமாயின் தமிழைச் செம்மையாகக் காட்டும் பெட்டி வேண்டும். சுருங்கச் சொல்லி விளங்க வைக்கும் தமிழும் வேண்டும். முன்னது பொறியாளர் கடமை. பின்னது தமிழ் பயில்வோர் கடமை. 128 பைட்டுக்குள் பிழையின்றி, பொருள் மயக்கமின்றி எச்சரிக்கை எழுதப் பழகுவது நம் மாணாக்கருக்கு ஏற்ற மொழிப் பயிற்சியாகும்.

வாங்குவோர் வினவ வேண்டியவை

எண்ணிமப் பெட்டி வாங்க எண்ணுவோர் கடைக்காரரிடம் சில வினாக்களைக் கேட்பது நலம்.

1. பெட்டி எந்தத் தரத்திற்குரியது? நம் பகுதியில் அத்தரத்தில் ஒலிபரப்பு நடைபெறுகின்றதா? 'டிஜிட்டல்' என்று மேலே அச்சிட்ட பெட்டிகள் பல, எண்களில் அலைவரிசை காட்டும் பழைய முறைப் பெட்டிகளே.

2. எந்தெந்த அலைப்பகுதிகளை வாங்கும்? டி.ஆர்.எம். எனில் மத்திய அலையில் மட்டுமா, பண்பலைப் பகுதியிலுமா?

3. புதிய சுருக்க முறைகளை அறியுமா? மென்பொருளைப் புதுப்பிக்க இயலுமா?

4. பழைய மத்திய அலையும் பண்பலையும் உடன் உண்டா? இவை இல்லாத பெட்டியை வாங்காதிருப்பதே நன்று.

5. பாட்டரியில் எத்தனை மணிநேரம் பாடும்? எளிதிற் கிடைக்கும் கட்டைகளில் இயங்குமா?

6. தமிழ் எழுத்தைச் சிதையாமல் காட்டுமா? கடையிலேயே காட்டச் சொல்லிக் காண வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் ஒன்று தெளிவாகின்றது. ஒலிபரப்பியை நிறுவுவது அரசின் ஓர் ஆணையால் முடியும். பெட்டியை நாட்டிலுள்ள வீடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே முடிவு செய்து வாங்க வேண்டும். ஆதலால் பெட்டியை மறந்து அலையை மட்டும் கருதிய திட்டங்கள் எங்கும் தடுமாறின. ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பர் முதல் புதிய கார் வானொலிகளில் எண்ணிம வாங்கி கட்டாயம் என விதித்தது இப்பாடத்தைக் கற்றதன் பயனாகும்.

நம் நாட்டிற்கு வேண்டுவன மூன்று. ஒரே தரம் என்ற உறுதி முதலாவது. எளியோர் வாங்கத்தக்க விலையில், தமிழ் முதலிய இந்திய மொழிகளைக் காட்டும் பெட்டி இரண்டாவது. அப்பெட்டி கடைசி வீட்டையும் சென்றடையும் வரை பழைய அலையை நிறுத்தாதிருத்தல் மூன்றாவது. இவற்றுள் மூன்றாவதையே தலையாயதாக நாம் கருதுகின்றோம். ஏனெனில் தொலைக்காட்சியும் இணையமும் உடையவர் வானொலி நின்றால் வேறொன்றை நாடுவர். வானொலி ஒன்றையே உடையவர்க்கு அது நின்றால் உலகமே நின்றுவிடும். அவர் எழுதி முறையிட மாட்டார். எங்கு முறையிடுவது என்றும் அறியார். பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு அலமாரியின் மேல் வைத்துவிடுவார்.

புதிய அலை வரட்டும். அது முதலில் அவர் வீட்டைத் தேடி வரட்டும்.